பழைய உடையும் பெரிய பெயரும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அந்த ஆடைப் பாதிக்கு இக்காலத்தில் கொடுக்கவேண்டியுள்ள விலைதான் மிகுந்துவிட்டது. பாரிசிலும் மிலானிலும் உள்ள புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களின் பெயர் தாங்கிய மேற்சட்டை ஒன்றின் விலை, நம்மில் பலருடைய ஒரு மாதச் சம்பளத்தை எட்டிவிடுகிறது. சில வேளைகளில் தாண்டியும் விடுகிறது. இத்தகைய உடைகளையே டிசைனர் உடைகள் என்கிறோம். புதிதாக வாங்க இயலாத அதே உடையை, வேறொருவர் சிலமுறை உடுத்தியபின், பாதி விலைக்கோ அதனினும் குறைவாகவோ வாங்கலாம் என்று இணையக் கடைகள் நம்மை அழைக்கின்றன. இந்த அழைப்பை ஏற்கலாமா? ஏற்பதாயின் எவற்றைக் கவனிக்க வேண்டும்? இவற்றை இன்று நாம் ஆராய்வோம்.

பழைய உடை வாங்குவது நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. சிங்கப்பூரில் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூடப்படும்வரை, அங்கே தரையில் விரித்த துணியின்மீது கடிகாரமும் காலணியும் சட்டையும் ஒன்றாகக் கிடந்தன. மலேசியாவில் 'பண்டல்' கடை என்றால் தெரியாதவர் இல்லை. ஜப்பான் போன்ற நாடுகளிலிருந்து பொதி பொதியாக வந்திறங்கும் உடைகளைக் கிளறி, நல்லதைப் பொறுக்கியெடுக்கும் கலையில் நம் இளைஞர் பலர் தேர்ந்தவர்களாக இருக்கின்றனர்.

எனினும், பிறர் உடுத்தியதை நாம் உடுத்துவதா என்ற தயக்கம் நம் குடும்பங்களில் இன்னும் உண்டு. தாயின் கூறைப்பட்டை மகள் உடுத்தும்போது நாம் அதைக் குறைவாகக் கருதுவதில்லை, பெருமையாகவே கருதுகிறோம். ஆகவே தயக்கம் பழமையைப் பற்றியதன்று. அறியாதவர் உடுத்தியது என்பதைப் பற்றியதே. அறியாதவரின் உடையை வாங்கும்போது நமக்குத் துணையாக நிற்கக்கூடியவை இரண்டு. ஒன்று, விற்கும் கடையின் நேர்மை. மற்றொன்று, வாங்கும் நம்முடைய அறிவு. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

முதலில் இந்த வாணிகம் நடக்கும் முறையைத் தெரிந்துகொள்வோம். இதனைக் கன்சைன்மென்ட் விற்பனை என்பர். ஒப்படைப்பு விற்பனை என்று நாம் தமிழில் கூறலாம். உடையின் சொந்தக்காரர் அதைக் கடையிடம் ஒப்படைக்கிறார். கடைக்காரர் அதைச் சோதித்து, படம் எடுத்து, விவரம் எழுதி, விலை குறித்து இணையத்தில் வைக்கிறார். விற்றபின் தம்முடைய தரகை எடுத்துக்கொண்டு, மீதித் தொகையைச் சொந்தக்காரருக்கு அனுப்புகிறார். அடகுக் கடையில் வைத்த நகை மீட்கும் காலம்வரை நம்முடையதாகவே இருப்பதுபோல, ஒப்படைத்த உடையும் விற்கும்வரை சொந்தக்காரருடையதாகவே இருக்கிறது.

பாரிசில் 2009இல் தோன்றிய வெஸ்டியேர் கலெக்டிவ், சான் பிரான்சிஸ்கோவில் 2011இல் தோன்றிய தி ரியல்ரியல் ஆகியவை பழைய டிசைனர் உடை வாணிகத்தில் உலகறிந்த பெயர்கள். ரியல்ரியல் பொருளைத் தன்னிடம் வாங்கி வைத்து விற்கிறது. வெஸ்டியேரில் விற்பவரே படமெடுத்துப் போடுகிறார். பொருள் வழியில் சோதனை நிலையத்துக்குச் சென்று வருவதும் உண்டு. சிங்கப்பூரில் 2012இல் தொடங்கிய கேரோசெல் போன்ற சந்தைகளிலோ, பெரும்பாலும் தனி ஆள் தனி ஆளுக்கு நேரே விற்கிறார். மூன்றும் கைத்தொலைபேசித் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் பொருளை யார் கண்ணால் பார்த்தார், தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவை மூன்றிலும் வேறுபடுகின்றன. வாங்குமுன் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி இதுவே.

ஒப்படைப்பு முறையினால் வாங்குபவருக்கு ஒரு நன்மை உண்டு. கடைக்காரர் அந்த உடையில் தம் முதலைப் போடவில்லை. நெடுநாள் விற்காத பொருள் அவருக்கு இடத்தைத்தான் அடைக்கிறது. ஆகவே நாட்கள் செல்லச் செல்ல விலையைக் குறைப்பது இக்கடைகளின் வழக்கம். பொறுத்திருப்பவருக்கு இலாபம் உண்டு. அதே வேளையில் ஒவ்வோர் உடையும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்ற பதற்றம் வாங்குபவரைப் பிடித்துக்கொள்கிறது. 'இதை இன்னும் பலர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்' என்று திரையில் தோன்றும் அறிவிப்பு அந்தப் பதற்றத்தை வளர்க்கவே வைக்கப்பட்டிருக்கிறது.

இனி, இன்றைய பேச்சின் மையக் கருத்துக்கு வருவோம். நாம் பட்டுச்சேலை வாங்கும்போது கடையின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. ஜரிகையைத் திருப்பிப் பார்க்கிறோம். நெசவைத் தடவிப் பார்க்கிறோம். முந்தானை சேருமிடத்தை விரித்துப் பார்க்கிறோம். ஆனால் மேல்நாட்டு டிசைனர் உடை என்றதும், கழுத்தில் தைத்திருக்கும் சிறு பெயர்ச்சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் நம் கண்கள் மற்றவற்றைப் பார்க்க மறந்துவிடுகின்றன. போலி செய்பவனுக்கு மிகவும் எளிதாகச் செய்ய வருவது அந்தச் சீட்டுத்தான் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். நல்ல துணியையும் நல்ல வெட்டையும் நல்ல தையலையும் மலிவாகப் போலி செய்ய இயலாது. பெயரைச் செய்துவிடலாம்.

இதற்குச் சான்றாக ஒரு வழக்கைக் கூறலாம். நியூயார்க்கில் பழைய ஆடம்பரப் பொருள்களை விற்கும் வாட் கோஸ் அரவுண்ட் கம்ஸ் அரவுண்ட் என்ற நிறுவனத்தின்மீது சனெல் நிறுவனம் 2018இல் வழக்குத் தொடர்ந்தது. போலிக் கைப்பைகளை விற்றது என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. தயாரிப்பாளர் ஒருவரிடமிருந்து களவுபோன வரிசை எண்களைத் தாங்கிய பைகளும் அவ்வழக்கில் பேசப்பட்டன. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவர் குழு சனெலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, 40 இலட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு விதித்தது. பெயர், எண், அட்டை ஆகிய மூன்றும் இருந்தாலும் பொருள் மெய்யானது என்று உறுதி கொள்ள முடியாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஆகவே நேயர்களே, வாங்குமுன் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். இந்தப் பெயர்ச்சீட்டை வெட்டி எறிந்துவிட்டால், இந்த உடைக்கு இந்த விலையைக் கொடுப்போமா? ஆம் என்று மனம் கூறினால், அது நல்ல வாங்கல். இல்லை என்று கூறினால், நாம் வாங்கப்போவது உடையை அன்று; வெறும் பெயரை.

சரி, உடையைப் படத்தில் பார்த்தே மதிப்பிடுவது எப்படி? முன்பக்கப் படத்தைவிட உட்புறப் படமே உண்மை பேசும். உட்புறப் படம் இல்லையேல் கேட்டு வாங்கவேண்டும்; கொடுக்க மறுத்தால் விட்டுவிட வேண்டும். கோடு போட்ட அல்லது கட்டம் போட்ட துணியாயின், தையல் சேருமிடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். அவ்வாறு பொருந்தவைக்கத் துணி மிகுதியாகச் செலவாகும். சிக்கனம் பார்ப்பவர் செய்யமாட்டார். பித்தான் துளைகளின் நூல் நெருக்கமாக இருக்கவேண்டும். உட்துணி இழுபடாமல் இலகுவாக அமைந்திருக்கவேண்டும். ஓரம் மடித்த இடத்தில் போதிய துணி விடப்பட்டிருந்தால், பிற்காலத்தில் நீளத்தைக் கூட்டவும் இயலும். பராமரிப்புச் சீட்டில் உள்ள நார்வகையைப் படிக்கவேண்டும். விலை பட்டின் விலையாக இருந்து, சீட்டில் பாலியெஸ்டர் என்றிருந்தால், மீதி விலை பெயருக்காகவே என்பது தெளிவு. அந்தச் சீட்டு உடையின் வயதையும் ஓரளவு கூறும். கம்பளிக் குறியாகிய வுல்மார்க் முத்திரை 1964இல் தோன்றியது. அமெரிக்காவில் பராமரிப்புச் சீட்டு 1972இல் கட்டாயமாயிற்று. ஐம்பதுகளின் உடை என்று விளம்பரம் செய்து, உள்ளே அம்முத்திரை இருந்தால் விளம்பரம் பொய்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். பிரெஞ்சு அளவில் 38 என்பது இத்தாலிய அளவில் 42. பிரிட்டிஷ் அளவில் 10. அமெரிக்க அளவில் 6. இவையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழங்காலத்து உடைகள் அதே எண்ணில் இன்னும் சிறியனவாக இருக்கும். எண்ணை நம்பாமல், நமக்குச் சரியாகப் பொருந்தும் ஓர் உடையைத் தட்டையாக விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரையும், தோள், இடுப்பு, நீளம் ஆகியவற்றையும் அளந்து குறித்துக்கொள்ளவேண்டும். கடை தந்துள்ள அளவுகளோடு இதை ஒப்பிட்டால் ஏமாற்றம் குறையும். இடுப்பைப் பிடித்துத் தைக்கத் தையற்காரரால் இயலும். தோளை மாற்றுவது கடினம், செலவும் மிகுதி.

நம் நாடுகளில் வாழ்பவர்கள் தனியாகக் கவனிக்கவேண்டியது தட்பவெப்பம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் உள்ளது. மலேசியாவிலும் ஏறத்தாழ அதே நிலைதான். தோலைப்போல் தோன்றும் பாலியூரித்தேன் பூச்சு, ஈரமும் வெப்பமும் பட்டால் வேதியியல் முறையில் சிதைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். பெட்டியில் வைத்திருந்தாலும் இது நேரும். காலணிகளின் பாலியூரித்தேன் அடிப்பாகம் ஒருநாள் நடக்கும்போதே நொறுங்குவதும் இதனால்தான். பத்தாண்டுப் பழமையான இத்தகைய பொருள், 'உடுத்தவே இல்லை' என்று குறிக்கப்பட்டிருந்தாலும் வாங்காமலிருப்பதே நன்று. பட்டு உடையாயின் அக்குள் பகுதியின் படத்தைக் கேட்டுப் பார்க்கவேண்டும். வியர்வை பட்டின் நிறத்தை மாற்றுவதோடு இழையையும் நலிவடையச் செய்யும். கம்பளியில் பூச்சி தின்ற சிறு துளைகள் உள்ளனவா என்று ஒளிக்கு எதிரே பிடித்தெடுத்த படத்தில் காணலாம். பூஞ்சண நாற்றத்தைப் படம் காட்டாது. ஆதலால் அதை எழுத்தில் கேட்டுப் பதில் பெறவேண்டும். 'நல்ல நிலை' என்ற சொல்லுக்குக் கடைக்குக் கடை பொருள் வேறு. அது பெரும்பாலும் உடுத்திய அடையாளம் உண்டு என்பதையே குறிக்கும்.

விலைக் கணக்குக்கு வருவோம். கோடிட்டு அடித்துக் காட்டப்படும் பழைய விலை பெரும்பாலும் கடையின் மதிப்பீடே. அதைப் பார்த்து மகிழ்வதைவிட, அதே போன்ற உடை வேறிடத்தில் என்ன விலைக்கு விற்றது என்று பார்ப்பதே பயன் தரும். வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு 320 வெள்ளி விலையுள்ள உடையை வரவழைப்பதாகக் கொள்வோம். அனுப்பும் கூலி 45 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 365. பொருள் சேவை வரி 2024ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து 9 விழுக்காடு. பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் 400 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கும் 2023 முதல் இதை வசூலிக்கின்றனர். அது ஏறக்குறைய 33 வெள்ளி. உலர்சலவைக்கும் தையல் திருத்தத்துக்கும் 40 வெள்ளி. ஆக 438 வெள்ளி. மலேசியாவில் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காட்டு விற்பனை வரி உண்டு. நாற்பதுமுறை உடுத்தினால் அந்த 438 வெள்ளி ஒருமுறைக்கு ஏறத்தாழ 11 வெள்ளி ஆகும். ஒரு திருமணத்துக்கும் ஒரு விருந்துக்கும் மட்டும் உடுத்தினால் ஒருமுறைக்கு 219 வெள்ளி. தவணையில் செலுத்தலாம் என்ற வசதி இந்தக் கணக்கை நம் கண்ணிலிருந்து மறைக்குமேயன்றி மாற்றாது.

ஏமாற்றம் நேர்ந்தால் சட்டம் துணை நிற்குமா? சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் 'லெமன்' சட்டம் பழைய பொருள்களுக்கும் பொருந்தும். வாங்கிய ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, பொதுவாக, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். ஆனால் இயல்பான தேய்மானத்துக்கும், முன்பே அறிவிக்கப்பட்ட குறைக்கும், தனி ஆள் தனி ஆளுக்கு விற்பதற்கும் அது பொருந்தாது. 1971இல் தோன்றிய சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கிறது. கடை வெளிநாட்டில் இருந்தாலோ, சட்டத்தின் கை அவ்வளவு எளிதில் எட்டாது. ஆகையால் பொருளைத் திருப்பியனுப்பும் விதியை வாங்குமுன்னரே படிக்கவேண்டும். மிகவும் குறைத்த விலைக்கு விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம் என்ற வரி பல கடைகளில் சிறிய எழுத்தில் இருக்கும். படங்களையும் உரையாடலையும் பொருள் கைக்கு வரும்வரை சேமித்து வைக்கவேண்டும். பொதியைப் பிரிக்கும்போது படமெடுத்து வைப்பதும் நல்லது. பணத்தை நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, கடையின் முறைக்கு வெளியே அழைக்கும் விற்பனையாளரை அறவே தவிர்க்கவேண்டும்.

நேயர்களே, நன்கு தைத்த உடை ஒரு மனிதருடைய காலத்தைத் தாண்டியும் உழைக்கக்கூடியது. அதை இரண்டாம் கையில் வாங்கி, பழுதுபார்த்து, நீண்டநாள் உடுத்துவது சிக்கனமும் ஆகும். துணியை வீணாக்காத பண்பும் ஆகும். முதல் சம்பளம் வாங்கிய நம் மகளோ தம்பியோ இத்தகைய கடையொன்றை நம்மிடம் காட்டும்போது, கூடாது என்று கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து, உட்புறத் தையலைப் பார்க்கச் சொல்வோம். அளவு நாடாவை எடுத்துத் தருவோம். வரியையும் கூலியையும் சேர்த்துக் கூட்டச் சொல்வோம். அதன்பின் சீட்டில் உள்ள பெயரை விரலால் மறைத்துவிட்டு, இப்பொழுதும் வேண்டுமா என்று கேட்போம். வேண்டும் என்றால், மனநிறைவோடு வாங்கட்டும்.