மாடல் ரயில் கப்ளிங்: பார்க்க அழகா இருந்தா போதுமா?

இன்னைக்குப் பேசப்போறது, மாடல் ரயிலில் ரெண்டு பெட்டியைச் சேர்க்கிற அந்தக் குட்டிக் கப்ளிங் பத்தி. சுண்டுவிரல் நகத்தை விடச் சின்ன பொருள்தான். ஆனா உங்க ரயில் சும்மா வட்டமடிக்குமா, இல்ல நிஜ யார்டு மாதிரி ஷன்டிங் பண்ணுமான்னு முடிவு பண்றது அதுதான்.

முதல்ல நிஜ ரயில். பழைய ஐசிஎஃப் பெட்டிகளில் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் பஃபர், நடுவில் திருகி இறுக்கும் ஸ்க்ரூ கப்ளிங். ஒருத்தர் நடுவில் நுழைஞ்சுதான் மாட்டணும். எல்ஹெச்பி பெட்டியில், விரலை மடக்கிய ரெண்டு கை கோத்துக்கிட்ட மாதிரி ஒரே கப்ளர். இந்த நக்கிள் கப்ளருக்கு அமெரிக்காவில் ஈலை ஜேனி 1873-ல் காப்புரிமை வாங்கினார். அதுக்கு முன்னாடி அங்கே வளையமும் ஆணியும்தான். மாட்டப்போன தொழிலாளிகள் பலர் விரலை இழந்தார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். 1893-ல் வந்த சட்டம் தானியங்கிக் கப்ளரைக் கட்டாயமாக்கியது. ஆள் நடுவில் போகக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

மாடலிலும் அதேதான். தோற்றம் மட்டும் நிஜமா இருந்து, ஒவ்வொரு தடவையும் நம்ம பெரிய கை வந்து வேகனைத் தூக்கினா, அந்த மாயை போயிடும்.

1:87 அளவான ஹெச்ஓ-வில் இதுக்குப் பிரபலமான விடை கேடி. நம்ம ஊர் கேடி இல்லீங்க! கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டையர்களின் முதலெழுத்து. இதுல கப்ளருக்குக் கீழே ஒரு வளைந்த இரும்புக் கம்பி தொங்கும். பார்க்க பிரேக் ஹோஸ் மாதிரி இருக்கும். தண்டவாளத்துக்கு நடுவில் காந்தம் வெச்சு, அதுக்கு மேல நிறுத்தி, இன்ஜினை லேசா பின்னுக்குத் தள்ளி இழுவையைத் தளர்த்தினா, ரெண்டு கம்பியும் எதிரெதிரா விலகிக் கப்ளர் திறக்கும். கொஞ்சம் முன்னால நகர்ந்துட்டு மறுபடி தள்ளினா, மாட்டிக்காமலே வேகனை வேற இடத்துக்குக் கொண்டுபோய் விடலாம். கை படவே வேண்டாம்.

அப்போ எல்லாத்தையும் துல்லியமான அளவுக்குச் சின்னதாக்கிட்டா என்ன? இங்கதான் டிரேட்-ஆஃப். 18 அங்குல ஆரம் உள்ள வளைவு ஹெச்ஓ-வில் சகஜம். 87-ஆல் பெருக்குங்க: சுமார் 40 மீட்டர். நம்ம அகலப்பாதையில் குறைந்தபட்சமே 175 மீட்டர். பெட்டியைச் சுருக்குறோம், வளைவை அதை விட அதிகமாகச் சுருக்குறோம். அதனால கப்ளர் அதிகமா பக்கவாட்டில் ஆடணும், பெட்டிகளுக்கு நடுவே இடைவெளியும் வேணும். பஃபரோட சங்கிலிக் கப்ளிங் மாட்டி இறுக்கமான வளைவில் விட்டா, பஃபர்கள் ஒன்றோடொன்று சிக்கி வண்டியே தடம் புரளும்.

தலையின் அளவும் அப்படித்தான். கேடி 5-ம் எண் கொஞ்சம் பெரிய தலை. 158 நிஜ அளவுக்கு நெருக்கம், ஆனா தண்டவாளம் மேடுபள்ளமா இருந்தா மேலும் கீழும் நழுவி விட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

என்னோட பரிந்துரை இது. ஷெல்ஃபில் வெச்சுப் பார்க்க மட்டும்னா, எவ்வளவு துல்லியமும் ஓகே. சின்ன வளைவில் ஓட்டுறீங்கன்னா 5-ம் எண், அல்லது அதே பெட்டிக்குள் பொருந்தும் 148. பாதை நேர்த்தியா, வளைவு பெருசா இருந்தா 158. ஐரோப்பிய மாடல்களில் என்இஎம் பாக்கெட் இருந்தா, பழசை உருவிட்டு 17 முதல் 20 வரையுள்ள எண்களில் ஒண்ணைச் செருகலாம். எண் ஏற ஏற நீளம் கூடும். வளைவில் முட்டாத அளவுக்குக் குட்டையானதை எடுங்க.

எதை எடுத்தாலும் எல்லா வண்டிக்கும் ஒரே ஸ்டாண்டர்டு. கப்ளர் என்பது ஒரு இன்டர்ஃபேஸ். ஒரு வேகன் ஒத்துவரலைன்னா மொத்த ரயிலும் அங்கேயே அறுந்துடும்.

கடைசியா உயரம். ஹெச்ஓ-வில் கப்ளரின் மையம் தண்டவாளத்தின் மேல்பக்கத்திலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கணும். கேடியின் 205-ம் எண் கேஜை வெச்சு ஒவ்வொரு வண்டியையும் சோதிங்க. கம்பி ரொம்பத் தாழ்வா இருந்தா பாயின்ட்ஸில் இடிக்கும். காந்தம் போட மனசில்லைன்னா ஒரு மெல்லிய மூங்கில் குச்சி போதும்: ரெண்டு கப்ளருக்கும் நடுவில் விட்டு லேசா திருகுங்க, கழன்றுடும்.

உங்க லேஅவுட்டில் என்ன கப்ளிங் ஓடுது? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!