இன்னும் ஒரே ஓர் ஆட்டம்

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில், 1957-ஆம் ஆண்டு முதல் மிளகின் முன்பேர வணிகத்தை நடத்திவந்த சங்கத்தின் கட்டிடம் இருக்கிறது. உலகத்து மிளகு விலையே ஒரு காலத்தில் அந்தக் கூடத்துக் கூச்சலில்தான் நிர்ணயமாயிற்று என்று இங்குள்ள பழைய வியாபாரிகள் சொல்லிக்கொள்வதில் மிகை கொஞ்சம் இருக்கலாமே தவிர, பொய் அதிகம் இல்லை. அங்கே கைப்பொருளை இழந்தவர்களைப் பற்றி அவர்கள் சொல்லும் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சத்தைக் காணலாம். முதல் நஷ்டத்தால் அழிந்தவன் என்று அநேகமாக ஒருவனும் இல்லை. அந்த நஷ்டத்தைச் சாயங்காலத்துக்குள்ளேயே மீட்டுவிட வேண்டும் என்று இரண்டு பங்கு துணிந்தவனே அழிந்தான்.

மிளகு வியாபாரம் என் விஷயமன்று. அதே தெருக்களில், பூட்டிக்கிடக்கும் கிடங்குகளின் திண்ணைகளில், இரவு ஒன்பது மணிக்கு மேல் கைபேசியும் கையுமாகக் குந்தியிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்த வியாபாரிகளின் கதைகள் நினைவுக்கு வருகின்றன என்பதால் சொன்னேன். அவர்கள் ஆடுவது பெரும்பாலும் பி.ஜி.எம்.ஐ. என்னும் யுத்த விளையாட்டு. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசு சட்டமியற்றித் தடுத்துவிட்டது. இதில் போவதும் வருவதும் ரேங்க் ஒன்றுதான். ஆயினும் அந்த ரேங்கிற்காகப் படும் பாடு பணத்துக்காகப் படும் பாட்டிற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஆடுவதை ஒரு நாள் அருகிலிருந்து கவனித்தேன். முதல் இரண்டு ஆட்டங்களில் அவன் விவேகியாக இருந்தான். எரங்கெல் என்னும் அந்தக் கற்பனைத் தீவின் ஓரத்தில் இறங்கி, துப்பாக்கியும் மருந்தும் நிதானமாகச் சேகரித்து, தோழர்களோடு யோசனை கலந்தே அடியெடுத்து வைத்தான். இரண்டிலும் தோற்றான். மூன்றாவதிலும் தோற்ற பிறகு அவனுடைய கட்டைவிரல் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானை நாடிச் சென்ற வேகமே வேறாக இருந்தது. தோழர்கள் தயாரா என்று கேட்கவில்லை. விமானத்திலிருந்து குதித்தவன் நேரே தீவின் நடுவிலுள்ள பொச்சின்கி என்னும் ஊரில், எல்லோரும் எல்லோரையும் சுட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், போய் இறங்கினான். ஒரு நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. உள்ளேயிருந்து அவன் தாயார் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தூங்கி எழுந்து நாளைக்கு ஆடினால் ஆகாதாடா?" என்றேன்.

"இந்த ஒண்ணு மட்டும், மாமா. தோத்துட்டு எப்படி எந்திரிக்கறது? போன ரேங்கை இன்னிக்கே எடுத்துடணும்."

ஆடுகிறவர்கள் இந்த நிலைக்கு 'டில்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மனோதத்துவ அறிஞர்களான டேனியல் கானேமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட பிரசித்தமான ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இதன் வேர் இருக்கிறது: அடைந்த நஷ்டத்தோடு சமாதானம் செய்துகொள்ளாத மனம், சாதாரண வேளையில் தொடவும் அஞ்சுகிற அபாயங்களை, பழைய கணக்கை நேர்செய்துவிடலாம் என்ற ஒரே ஆசையால், மேலே விழுந்து ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் அந்தப் பையனுக்கு முதலில் சொல்ல வேண்டியது மனோதத்துவமன்று, கணிதம். முற்றிலும் சமபலமுள்ள இருவர், டிரா என்பதே இல்லாத ஒரு விளையாட்டில், நூறு முறை மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறில் எங்கேனும் ஓரிடத்தில் ஒருவன் தொடர்ச்சியாக ஐந்து முறையோ அதற்கு மேலோ தோற்பதற்குள்ள சாத்தியம் எவ்வளவு என்று கேட்டால், அபூர்வம் என்றே பலரும் சொல்வார்கள். கணக்கோ நூற்றுக்கு 81 என்று சொல்கிறது. ஏழு முறை தொடர்ந்து தோற்பதற்கே நூற்றுக்கு 32 அளவில் இடமுண்டு. அவன் திறமை குறையவில்லை, கவனம் சிதறவில்லை, கிரகங்களும் தத்தம் ஸ்தானத்தில்தான் நிற்கின்றன. காசைச் சுண்டினாலும் இப்படித்தான் விழும். பி.ஜி.எம்.ஐ. பந்தயங்களில் வழக்கமாக 16 அணிகள் ஒரே களத்தில் இறங்குகின்றன. எல்லா அணிகளும் சமபலமுடையவை என்றால், ஓர் அணி இருபது ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாமல் போவதற்கான சாத்தியம் நாலில் ஒரு பங்குக்கும் அதிகம். சதுரங்கத்தில் ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணால் அளக்கும் முறையை வகுத்தவர் ஆர்பாட் ஈலோ என்னும் பௌதிகப் பேராசிரியர். சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் 1970-இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்த முறையின்படி எதிரியைவிட 200 புள்ளி உயர்ந்தவனும் நூற்றுக்கு 76 பங்கையே எதிர்பார்க்கலாம். மிச்சத்தை எதிரிக்கு விட்டுக்கொடுத்தே தீர வேண்டும்.

ஆகவே தோல்வித் தொடர் என்பதில் இரண்டு வஸ்துக்கள் கலந்திருக்கின்றன. ஒரு பகுதி யாருக்கும் வருவது. அதற்குப் பரிகாரம் இல்லை, வேண்டுவதுமில்லை. மற்றொரு பகுதி, அந்த முதற்பகுதியைக் கண்டு மிரண்டுபோய் நாமாக வருவித்துக்கொள்வது. வெல்லும் வித்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புகிறவர்கள் சென்னைப் பிள்ளை குகேஷின் ஆட்ட வரலாற்றைப் பார்க்கலாம். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் பதினாறு வயதுப் பாலகனாக இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதற்பலகையில் அமர்ந்த அவர், எட்டு ஆட்டங்களை வரிசையாக வென்று உலகத்தையே வாய்பிளக்க வைத்தார். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவோடு ஆடுகையில், வெற்றி கைக்கெட்டியிருந்த நிலையிலிருந்து நழுவித் தோற்றார். அணிக்குத் தங்கம் தவறி வெண்கலம் கிடைத்தது. தனிப்பட்ட முறையில் முதற்பலகைத் தங்கம் அவருக்கும், இரண்டாம் பலகைத் தங்கம் நம் கேரளத்துத் திருச்சூரைச் சேர்ந்த நிஹால் சரினுக்கும் கிட்டின என்பது உண்மையே. எனினும் குகேஷுக்கு அந்த ஒரு தோல்வி ஆறாத ரணமாக இருந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மூத்த சதுரங்க வீரர் ஆனந்தைத் தாண்டி இந்தியாவின் முதல் ஸ்தானத்தை அடைந்தார். அடைந்த சில வாரங்களிலேயே சரியத் தொடங்கினார். உலகப் பட்டத்துக்கு எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் பந்தயத்துக்குள் நுழையும் வழியே ஏறக்குறைய அடைபட்டு, டிசம்பரில் சென்னையில் நடந்த போட்டியை வென்றுதான் உள்ளே போனார்.

2024 ஏப்ரலில் டொராண்டோ நகரில் நடந்த அந்தக் கேண்டிடேட்ஸின் ஏழாம் சுற்று, இந்தப் பொருளைப் பற்றி நூறு உபந்யாசங்களைவிட அதிகம் கற்பிக்கிறது. முதல் நாற்பது நகர்த்தல்களுக்கு 120 நிமிஷம். அதுவரை நகர்த்தலுக்கு ஒரு விநாடிகூடக் கூடுதலாகக் கிடைக்காது என்பது அங்கே விதி. கறுப்புக் காய்களுடன் அலிரேஸா ஃபிரூஸாவை எதிர்த்த குகேஷ், கடிகாரம் வற்றிப்போன நெருக்கடியில் தோற்றுப்போனார். பதினான்கு சுற்றுள்ள பந்தயத்தில் பாதி முடிந்திருந்தது. அவருடைய பாக்கியம், மறுநாள் ஓய்வு நாளாக அமைந்தது. ஆட்டம் முடிந்தவுடன் மிகவும் கலங்கியிருந்ததாகவும், ஓய்வு நாளன்று மனம் அதுவரை இல்லாத தெளிவை அடைந்ததாகவும், அந்தத் தோல்வியே தமக்கு ஊக்கம் தந்திருக்கலாம் என்றும் அவரே பிற்பாடு கூறியிருக்கிறார். எட்டாம் சுற்றில் விதித் குஜராத்தியை வென்றார், பன்னிரண்டில் அபாசோவை, பதின்மூன்றில், யாரிடம் தோற்றாரோ அதே ஃபிரூஸாவை. முடிவில் 9 புள்ளிகளோடு, கேண்டிடேட்ஸை வென்றவர்களில் மிக இளையவர் ஆனார். ஏழாம் சுற்று முடிந்த அன்றிரவே எட்டாம் சுற்றை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. திண்ணைப் பிள்ளைகளுக்கு வாய்க்காத சௌகரியம் அதுதான். அவர்களுடைய எட்டாம் சுற்று, விரல் தொடும் தூரத்தில் எந்நேரமும் காத்திருக்கிறது.

தோல்விக்குப் பின் மட்டுமே இந்த அபாயம் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1995-இல் நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்து 107-ஆம் மாடியில் உலகப் பட்டத்துக்காகக் காஸ்பரோவை எதிர்த்த ஆனந்த், எட்டு டிராக்களுக்குப் பிறகு ஒன்பதாம் ஆட்டத்தை வென்று முன்னணிக்கு வந்தார். அடுத்த ஐந்து ஆட்டங்களில் நான்கைத் தோற்றார். பத்தாம் ஆட்டத்தில் காஸ்பரோவ் வீட்டிலேயே தயாரித்துவைத்திருந்த அஸ்திரமும், பதினோராம் ஆட்டத்தில் அவர் எதிர்பாராத விதமாகக் கையாண்ட டிராகன் தற்காப்பும் அதற்குக் காரணங்கள். அப்போது 25 வயதே ஆகியிருந்த ஆனந்தின் மனநிலை மற்றொரு காரணம். அதே ஆனந்த் 2013 நவம்பரில், தாம் வளர்ந்த சென்னை நகரிலேயே, கார்ல்சனிடம் 6½–3½ என்று பட்டத்தை இழந்தபோது, அவருடைய காலம் முடிந்ததென்று எழுதாத பத்திரிகை குறைவு. கேண்டிடேட்ஸில் ஆடலாமா வேண்டாமா என்றே அவர் தயங்கியதாகவும், பழைய எதிரியான கிராம்னிக் வற்புறுத்திய பிறகே துணிந்ததாகவும் சொல்வார்கள். நான்கே மாதத்தில், 2014 மார்ச்சில், சைபீரியாவின் காந்தி-மான்சீஸ்க் நகரில், மூன்று வெற்றி, பதினொரு டிரா, ஒரு தோல்வியுமில்லை என்ற கணக்கில் அந்தப் பந்தயத்தை அவர் வென்றார். அந்தப் பதினொரு டிராக்களை நான் விசேஷமாக மதிக்கிறேன். அடிபட்டவனுக்கு அரைப் புள்ளியைப் போல ஔஷதம் வேறில்லை. ஆனால் அடிபட்டவன்தான் அரைப் புள்ளியை ஏற்க மறுக்கிறான்.

தோற்ற ஆட்டத்தை மறந்துவிடு என்று உபதேசிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1957-இல் ஸ்மிஸ்லோவிடமும் 1960-இல் தாலிடமும் உலகப் பட்டத்தை இழந்து, இரண்டு தடவையும் மறு வருஷமே மீட்டவர் ரஷ்யாவின் மிகயீல் போத்வின்னிக். தன் ஆட்டங்களைத் தானே அலசி, அந்த அலசலைப் பிறர் குற்றம் காணும்படி அச்சிலும் வெளியிட வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நியமம். இக்காலத்தில் கணினி ஒரு கணத்தில் பிழையைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டிவிடுகிறது. எந்த நகர்த்தல் தவறு என்று அது சொல்லும், அந்தத் தவறை அந்த நேரத்தில் ஏன் செய்தோம் என்று சொல்லாது. குகேஷின் குருவான விஷ்ணு பிரசன்னா, சீடன் 2500 புள்ளியை எட்டும் காலம் வரையில் கணினியையே அண்டவிடாமல் வைத்திருந்ததன் தாத்பரியம் இப்போது விளங்குகிறது.

பி.ஜி.எம்.ஐ. ஆடுகிறவனுக்கும் இதே நியமம் பொருந்தும். பாதுகாப்பு வட்டம் எதிர்ப்பக்கமாகச் சுருங்கியதால் மாண்டானா, அது அதிர்ஷ்டத்தின் கணக்கு. அதை எழுதிவைக்க வேண்டியதில்லை. தோழன் கீழே கிடக்கிறான் என்று புகைக்குண்டு வீசாமல் வெட்டவெளியில் ஓடி மாண்டானா, அது அவன் கணக்கு. இந்தப் பிரிவினையைத் தோற்ற உடனே செய்ய முடியாது. கோபம் தணிந்து, தூக்கமும் கழிந்த பிறகே முடியும். இரண்டு தோல்வி தொடர்ந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவது என்று சிலர் விதித்துக்கொள்கிறார்கள். இரண்டா மூன்றா என்பது முக்கியமன்று; ஆடத் தொடங்குவதற்கு முன்பே விதித்துக்கொள்வதுதான் முக்கியம், ஏனெனில் தோற்ற பிறகு விதிக்கிறவன் வேறு ஆள்.

நிலையில்லாத ஆட்டம் என்று நாம் பொதுப்படையாகச் சொல்வதன் பெரும்பகுதி கடிகாரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் சிங்கப்பூரில் குகேஷை எதிர்கொண்ட உலகச் சாம்பியன் டிங் லிரென், மனச்சோர்வால் நெடுநாள் வாடியவர். நெடுநேர ஆட்டம் ஒன்றை அவர் வென்று 304 நாட்கள் ஆகியிருந்தன. அப்படிப்பட்டவர் முதல் ஆட்டத்தையே, அதுவும் கறுப்புக் காய்களோடு, வென்றுவிட்டார். மூன்றாம் ஆட்டத்தில் நேரம் தீர்ந்து தோற்றார். அதன்பின் ஏழு டிரா. பதினோராம் ஆட்டத்தைத் தோற்று, பன்னிரண்டாவதை மிக அழகாக வென்றார். பதினான்காம் ஆட்டத்தில், டிரா நிச்சயம் என்றிருந்த இடத்தில், 55-ஆம் நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார், பட்டம் குகேஷுடையதாயிற்று. டிங்கின் திறமை ஒரு நாளும் எங்கும் போய்விடவில்லை என்பதற்கு அந்த முதல் ஆட்டமும் பன்னிரண்டாம் ஆட்டமுமே சாட்சி. கூடக்குறைய வந்துகொண்டிருந்தது, பல மணி நேரம் உட்கார்ந்து அதைச் செலவிடும் சக்தி.

உலகச் சாம்பியன் ஆனபின் குகேஷுக்கு எல்லாம் சரளமாகப் போகவில்லை. 2025 செப்டம்பரில் சமர்கண்டில் நடந்த கிராண்ட் சுவிஸ் பந்தயத்தில் அபிமன்யு மிஸ்ரா, தியோடொரூ, எடிஸ் குரேல் ஆகிய மூவரிடமும் அவர் வரிசையாகத் தோற்றார். பட்டத்துக்கே லாயக்கில்லாதவர் என்று கைபேசியில் தட்டியவர்கள் அநேகர். ஐந்தாறு ஆட்டம் தோற்றதும் பொச்சின்கியில் போய்க் குதிக்கிறவர்களும் அவர்களுள் இருந்திருக்கலாம். பந்தயத்தைவிட்டு விலகாமல் அடுத்த சுற்றில் குகேஷ், அவ்வாண்டு மகளிர் உலகக் கோப்பையை வென்றிருந்த திவ்யா தேஷ்முக்கிற்கு எதிரே உட்கார்ந்தார். ஆட்டம் டிராவில் முடிந்தது. அரைப் புள்ளியை வாங்கிக்கொண்டு எழுந்தார்.