கிணற்று மேட்டில் கிடக்கும் கல்

வத்திராயிருப்புப் பக்கம் கிணறு ஆழப்படுத்திய தோட்டங்களில் ஒரு கல் மேடு கிடக்கும். வரப்புக்கும் கடைகாலுக்கும் எடுத்தது போக மிச்சம். அதில் ஒன்றைக் கழுவி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்பும் வெளுப்புமாக வரி ஓடினால் அது நைஸ் பாறை. எண்ணெய் தடவியது போல் கரும்பச்சையாக மினுங்கினால் சார்னோக்கைட். சிவப்புப் புள்ளிகள் கார்னட் மணிகளாக இருக்கலாம்.

இவை எதுவும் முதலில் இப்படி இருக்கவில்லை. உருகிய குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. அதை மழையும் வெயிலும் அரித்து, மணலும் சேறும் நீரடியில் படிந்து இறுகினால் படிவுப்பாறை. இரண்டில் எதுவானாலும் பூமிக்குள் புதைந்து, அமுங்கி, வெந்தால் உருமாறிய பாறை. பச்சை மண் சூளையில் செங்கல் ஆகிறதே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

தென் தமிழகப் பாறைகளுக்கு அந்தச் சூளை மிகப் பெரியது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பகுதிகள் மோதியபோது, 20 கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்தவை இங்கே ஏராளம். மேலே கிடந்ததெல்லாம் அரித்துப் போன பிறகுதான் அவை வெளியே தெரிந்தன. அருப்புக்கோட்டை அருகே பந்தல்குடியில் சிமென்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் இப்படி வெந்து பளிங்கானதே.

விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது? தண்ணீர்க் கணக்கே இருக்கிறது. வெந்து இறுகிய கல்லில் துளையே கிடையாது என்று சொல்லலாம். மணற்பாறை போல் நீரைக் குடித்து வைத்துக்கொள்ளாது. நீர் இருப்பது இரண்டே இடத்தில்: மேலே இற்றுப்போன பாறையில், கீழே வெடிப்புகளில். பக்கத்துத் தோட்டத்தில் ஊற்று பொங்க, நம் போர்வெல் புழுதி கக்குவது அதனால்தான். பக்கத்து அணைக்குப் பிளவக்கல் என்று பெயர். கேட்டதும் பிளந்த கல்தான் நினைவுக்கு வரும். போர் போடும்போது துருப்பிடித்த நிறத்தில் தூள் வந்தால் நீர் ஓடிய வெடிப்புக்கு அது ஓர் அடையாளம். நூற்றுக்கணக்கான அடிக்கு ஒரே கருந்தூளாக வந்தால், மேலும் இறக்குவது பெரும்பாலும் கடனைத்தான் ஆழப்படுத்தும். இற்றுப்போன பாறையில் ஊறும் நீருக்குக் கண்மாய் நிறைய வேண்டும்.

அந்தப் பாறைதான் மெல்ல மெல்ல மண்ணாகி, கொஞ்சம் சாம்பல் சத்தையும் விடுகிறது. அதிலிருந்து கரைந்த சுண்ணாம்பு வேறிடத்தில் சுக்கான் கல்லாக உறைகிறது. வெள்ளைக் கல் கிடைத்தால் பொடித்து, எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. அங்கே சொட்டுநீர்க் குழாய் போடுமுன் கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. உப்புப் படிந்து துளை அடைத்த பிறகு பார்ப்பதால் பயனில்லை.