எடுத்த சிறுநீரகம் எவ்வளவு நேரம் தாங்கும்?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "சேர், மௌத்தாப்போன ஆள்ட கிட்னிய எடுத்துக் கண்டிக்குக் கொண்டுபோற நேரத்துக்கு அது பழுதாப் போகாதா?" அவருடைய மருமகன் டயலிசிஸில் இருக்கிறார். அந்த இடத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறேன்.

லிந்துலைக்காரர்களுக்கு இது விளங்கும். பறித்த கொழுந்து சாக்குக்குள் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். கொய்த பிறகும் அது மூச்சு விட்டுக்கொண்டிருப்பதே காரணம். சிறுநீரகமும் அப்படித்தான். இரத்த ஓட்டம் நின்றாலும் அதன் கலங்கள் ஒட்சிசன் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பசியை அடக்க விசேட திரவத்தால் கழுவி, 4 பாகை செல்சியஸ் அளவில் ஐஸ் பெட்டியில் வைக்கிறார்கள். ஒரு நாள் வரை தாங்கும். ஆனாலும் ஒவ்வொரு மணித்தியாலமும் அதற்கு நட்டம்தான்.

இன்னொரு வழி இயந்திரம். சிறுநீரக நாடியில் குழாயைப் பொருத்தி, குளிர்ந்த திரவத்தை மெல்லிய அழுத்தத்தில் சுற்றி ஓடவிடுகிறது. இது புதிய யோசனை அல்ல. 1967 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஃபோக்கர்ட் பெல்சர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 17 மணித்தியாலங்கள் இப்படிப் பாதுகாத்த சிறுநீரகத்தை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். பிறகு மலிவான திரவங்கள் வந்தன, ஐஸ் பெட்டி வென்றது.

2009 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு இயந்திரத்துக்கு மீண்டும் மவுசு தந்தது. இறந்த 336 பேரின் சிறுநீரகங்களில் ஒன்றை இயந்திரத்திலும் மற்றதை ஐஸிலும் வைத்தார்கள். ஒரே ஆளின் இரண்டு சிறுநீரகங்கள் என்பதால் ஒப்பீடு நியாயமானது. பொருத்திய முதல் வாரத்தில் மீண்டும் டயலிசிஸ் தேவைப்பட்டவர்கள் ஐஸில் 26.5 வீதம், இயந்திரத்தில் 20.8 வீதம். ஒரு வருடத்தின் பின் இயங்கிக்கொண்டிருந்தவை 90க்கு 94 வீதம். சிறிய வித்தியாசம் போலத் தெரியும். அந்த நான்கு பேரில் ஒருவர் நம் வீட்டாள் என்றால் சிறிதல்ல.

இயந்திரம் ஒரு சோதனைக்கூடமும்தான். திரவம் ஓடுவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று காட்டும். தடை குறையாமலே இருந்தால் உள்ளே நாளங்கள் கெட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சிறுநீரகத்தை ஒதுக்கக் கூடாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இங்கிலாந்தில் உடல் வெப்பத்தில் செங்குருதிக் கலங்களும் ஒட்சிசனும் செலுத்திப் பார்க்கிறார்கள். நல்ல சிறுநீரகம் இளஞ்சிவப்பாகி, மேசையிலேயே சிறுநீர் வடிக்கும்! இல்லாவிட்டால் வீசப்பட்டிருக்கும் சிலவற்றைக் காப்பாற்ற இது உதவியிருக்கிறது. எனினும் ஒரு மணித்தியாலம் மட்டும் அப்படிச் செய்வது ஐஸை விடச் சிறந்த பலனைத் தரவில்லை என்று 2023 இல் வெளியான ஆய்வு கூறியது. ஆகவே இதை அற்புதமாக நினைக்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்னபோது பெரியவர் தன் உண்மையான கவலையைக் கேட்டார்: "அப்ப ஜனாஸா பிந்துமே?"

எடுக்கும் சத்திரசிகிச்சைக்கும் அதற்கு முந்திய பரிசோதனைகளுக்கும் நேரம் போகும், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இயந்திரத்தில் ஓடும் மணித்தியாலங்கள் ஜனாஸாவின் கணக்கில் சேராது. உடலைத் தைத்துக் குடும்பத்திடம் கொடுத்த பிறகும் இயந்திரம் தன்பாட்டில் ஓடும்.

மார்க்க விடயத்தில், சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1986 இல் அம்மானில் மூளைச்சாவு பற்றியும், 1988 இல் ஜித்தாவில் உறுப்பு மாற்றம் பற்றியும் நிபந்தனைகளோடு தீர்மானம் எடுத்தது. விற்பதை அது தடுத்தது. மூளைச்சாவை மௌத்தாக ஏற்காத உலமாக்களும் இருக்கிறார்கள், ஆகவே உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். நமது நாட்டில் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வைத்தியர்கள் சம்மதம் கேட்பது, வென்டிலேட்டரில் இதயம் இன்னும் துடிக்கிற அந்தச் சில மணித்தியாலங்களில்.

பெரியவர் வீட்டில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். மருமகனுக்கு அடுத்த டயலிசிஸ் செவ்வாய்க்கிழமை.