கூட்டுறவுத் தொழிலைப் பழகும் முறை

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர்)

கூட்டுறவின் நன்மைகளைப் பற்றி உபந்நியாசம் கேளாத கிராமம் இக்காலத்தில் அரிது. ஆயினும் ஆரவாரத்துடன் ஆரம்பித்த சங்கங்கள் இரண்டொரு வருஷங்களில் பூட்டிக் கிடப்பதையும் காண்கிறோம். கரையில் நின்று கேட்டறிவதால் எவனும் நீந்தக் கற்பதில்லை. கூட்டுறவும் செய்து பழக வேண்டிய தொழிலேயாகும்.

இதை நான் என் தவற்றினாலேயே அறிந்தேன். உத்தியோகத்தில் அமர்ந்த புதிதில், ஒரு கிராமத்தில் மிராசுதார்கள் இருபது பேரைச் சேர்த்து, வேர்க்கடலை விதையையும் உரத்தையும் ஒன்றாக வாங்க ஏற்பாடு செய்தேன். விலை விசாரித்தவனும், வண்டி பேசியவனும், கணக்கெழுதியவனும் நானே. அங்கத்தினர்கள் பணம் கொடுத்து மூட்டையை எடுத்துச் சென்றதோடு சரி. இரண்டு போகம் நன்றாக நடந்தது. பிறகு எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மூன்றாம் போகத்தில், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்ல ஊரில் ஒருவருமில்லை. நெடுநாள் சிநேகமாயிருந்த இரு குடும்பத்தார் பேச்சற்றுப் போயினர். கணக்குப் புஸ்தகத்தில் பிழையில்லை. அதைப் படிக்க நான் ஒருவரையும் பழக்காததே பிழை.

இதற்கு மாறாக, குஜராத்திலுள்ள கெய்ரா ஜில்லாவில் நடந்ததைக் கவனிப்போம். அங்கே பால் கொள்முதல் ஒரே நிறுவனத்தின் வசமிருந்தமையால், விலையைப் பற்றி உழவர் பேச இடமில்லாதிருந்தது. 1946-ல் அவர்கள் பால் ஊற்ற மறுத்து நின்றனர். அவ்வருஷம் டிசம்பர் 14-ந் தேதி அவர்களுடைய ஜில்லா யூனியன் பதிவாயிற்று. ஸ்ரீ திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவராயிருந்தார். 1948-ல் வேலை தொடங்கியபோது இருந்தவை இரண்டே கிராமச் சங்கங்கள். பால் தினம் சுமார் 250 லிட்டர். பிற்காலத்தில் 'அமுல்' என்று நாடறிந்தது இதுவே.

இச்சங்கங்களில் காலையும் மாலையும் பால் யாவர் கண்முன்னும் அளக்கப்படுகிறது. கொழுப்புச் சத்தைச் சோதித்து விலை கட்டுவதால், நீர் கலப்பவனுக்குக் கிடைக்கும் விலை தானே குறைகிறது. பல எருமைகள் உடையவருக்கும் ஒன்றே உடையவருக்கும் ஒரு வோட்டுதான். ஆகவே வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவரும் தினம் இருவேளை கூட்டுறவுப் பாடம் கற்கின்றனர். 1970-ல் தேசமெங்கும் பால் அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோது, ஆனந்தில் பழகிய சிறு குழுக்கள் பிற ஜில்லாக்களுக்குச் சென்றன. உள்ளூராரைப் பழக்கிவிட்டுத் திரும்புவதே அவற்றின் வேலை. 1979-ல் அங்கே ஏற்பட்ட கிராம நிர்வாகக் கல்விச்சாலையிலும், மாணாக்கர் கிராமங்களிலே தங்கிப் பயில்வது பாடத்தின் ஒரு பகுதியாகும்.

நம் கிராமங்களில் இதைச் சிறிய அளவில் தொடங்கலாம்:

1. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, ஒரு போகத்துக்கு ஒரே சரக்கை வாங்குக. பணம் முன்னதாகவே ரொக்கமாய்ச் சேரட்டும், கடன் வேண்டாம்.

2. விலை விசாரிப்பவர், பணம் வைத்திருப்பவர், கணக்கெழுதுபவர் என மூவர் இருக்கட்டும். போகந்தோறும் இப்பொறுப்புக்கள் கைமாற வேண்டும்.

3. சரக்கு வந்திறங்கிய அன்றே எல்லோர் முன்னிலையிலும் எடை போடுக.

4. போக முடிவில் சாவடியில் கணக்கை உரக்கப் படிக்க வேண்டும். எழுத்தறியாதவரும் கேள்வி கேட்கலாம். நஷ்டமிருப்பின் அதையும் மறைக்கலாகாது.

இவ்வாறு இரண்டு போகம் நடந்த பிறகே சங்கப் பதிவைப் பற்றி யோசிக்கலாம். கிராம உத்தியோகஸ்தர்கள் தலைமை ஸ்தானத்தை நாடாமல், விலை விவரங்களைத் தெரிவித்தும், விவாதம் நேர்ந்தால் சமாதானம் செய்தும் உதவுவார்களாக. பெரிய நிலச்சுவான்தாரும் தம் முறை வரும்வரை தராசருகே காத்திருந்தால், சிறு குடியானவருக்கு நம்பிக்கை பிறக்கும்.

சென்ற வருஷம் வேறொரு கிராமத்தில் இம்முறையைக் கைக்கொண்டோம். வந்த மூட்டைகளில் எடை குறைந்திருப்பதைக் கணக்கெழுதும் இளைஞர் கண்டார். ஊராரே வியாபாரியிடம் பேசிக் குறைவுக்கு ஈடு பெற்றனர். அன்று நான் அவ்வூரில் இல்லை. மறுவாரம் சென்றபோதுதான் அறிந்தேன்.

இம்முயற்சியில் விருப்பமுள்ளோர் விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே தத்தம் டிமான்ஸ்டிரேட்டருக்குத் தெரிவித்தால், கணக்கு வைக்கும் முறையை அவர் நேரில் வந்து காட்டுவார். எழுதுகோல் மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.