இலையில் ஊறும் தேனும் நாற்பது நாள் கணக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் வட்டாரத்தில் எடுக்கும் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் இலையிலிருந்து வருகிறது. மார்கழி வாக்கில் இலைகளை உதிர்க்கும் ரப்பர் மரம் அடுத்த சில வாரங்களில் மறுபடி தளிர்க்கும். செம்பு நிறத் தளிர் பச்சைக்கு மாறும் நாட்களில், மூன்று சிற்றிலைகள் காம்போடு கூடும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீக்கள் மொய்த்து அதை உறிஞ்சிப்போகும். அங்கே வீட்டுக் கொல்லையில் முதன்முறையாகத் தேன்பெட்டி வைப்பவர் காத்திருப்பது மாசி, பங்குனியில் வரும் அந்த வாரங்களுக்காகத்தான். ஆனால் அப்போது அவரால் செய்யக்கூடியது கொஞ்சமே. தேன் சேருமா என்பதில் பாதி, மார்கழியிலேயே முடிவாகியிருக்கும்.

காரணம் தேனீயின் வயது. நம் பெட்டிகளில் வாழும் அடுக்குத் தேனீயின் முட்டை மூன்று நாளில் பொரிகிறது. புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வேலைக்காரத் தேனீயாக வெளிவர மொத்தம் ஏறத்தாழ 20 நாள். வந்த உடனே அது பறந்து போவதில்லை. அறைகளைத் துப்புரவாக்கும், புழுக்களுக்கு ஊட்டும், மெழுகு சுரந்து அடை கட்டும், வாசலில் காவல் நிற்கும். இப்படி இரண்டு மூன்று வாரம் உள்வேலை பார்த்த பிறகுதான் இரை தேடக் கிளம்பும். ஆக, முட்டைக்கும் அது கொண்டுவரும் முதல் துளிக்கும் நடுவே சுமார் 40 நாள். மாசி பிறக்கும்போது ரப்பர் இலையில் உட்காரும் தேனீ, மார்கழிக் கடைசியில் முட்டையாகக் கிடந்ததாகும்.

அந்த நேரத்தில் ராணி நிறைய முட்டையிட வேண்டுமானால் கூட்டுக்குள் மகரந்தம் வந்துகொண்டிருக்க வேண்டும். தேன் உடலை ஓட்டும் எரிபொருள். புழு வளரத் தேவையான புரதம் மகரந்தத்தில்தான் இருக்கிறது. ரப்பர் இலைச் சுரப்பியிலோ மகரந்தம் கிடையாது. அந்தக் குறையைத் தீர்ப்பது, ஆண்டு முழுக்கப் பாளை விடும் தென்னை. கொல்லைத் தென்னை குஞ்சுகளை வளர்க்க, அடுத்த தோட்டத்து ரப்பர் தேனைத் தருகிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுதான் அந்த மண்ணின் கொடுப்பினை.

எனவே புதியவர் முதலில் பழக வேண்டியது முட்டையைப் பார்க்க. காலை வெயில் சாய்வாக விழும்படி சட்டத்தைப் பிடித்தால், அறையின் அடியில் மெல்லிய வெள்ளைக் குச்சியாக அது தெரியும். இட்ட நாளில் நட்டுக்குத்தாக நிற்கும், மறுநாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். நிற்கும் முட்டை கண்ணில் பட்டால் போதும், ராணியைத் தேடிக் கூட்டத்தைக் கலைக்க வேண்டாம். நேற்றோ இன்றோ அவள் அங்கே இருந்திருக்கிறாள்.

அடையைச் சிதைக்காமல் இப்படித் தூக்கிப் பார்க்க முடிவதே ஓர் இடைவெளியின் புண்ணியம். ஒரு தேனீ நடமாடும் அளவுக்கு மட்டும் இடம் விட்டால், தேனீக்கள் அதை அடை கட்டி மூடுவதில்லை என்பதை 1851-ல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் பயன்படுத்திக்கொண்டார். ஐரோப்பியத் தேனீக்கு அது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். உருவில் சிறிய நம் தேனீக்கு இன்னும் குறைவு. நம் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை 1910-களில் வடிவமைத்தவர் நியூட்டன் பாதிரியார். 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் தலைமையில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையம் தேனீ வளர்ப்பை ஊர் ஊராகக் கொண்டுபோனது.

ரப்பர் கசியத் தொடங்கியதும் மேலே தேன் அறை ஏற்ற வேண்டும். இடம் நெருக்கினால் கூட்டம் புது ராணியை வளர்த்துவிட்டு, பழைய ராணியோடு பாதிப் படை வெளியேறிவிடும். கொண்டுவந்த இனிப்பு நீரைத் தேனீக்கள் சிறகடித்து வற்றவைத்து, பக்குவமானதும் அறையை மெழுகால் மூடுகின்றன. மூடாத அறையின் தேனில் நீர் மிகுதி. எடுத்து வைத்தால் புளித்துப்போகும். கீழே, புழு அறையில் இருக்கும் தேன் அவற்றின் பங்கு. அதில் கை வைக்கக் கூடாது.

கடினமான பாடம் தேன் எடுத்த பிறகுதான். ஆனி, ஆடி மழையில் வரத்து நின்றுபோகும். அடுக்குத் தேனீ பசி பொறுக்காது. ஒரு நாள் கூண்டோடு பெட்டியை விட்டுப் போய்விடும். ஆள் குறைந்து காவலற்ற அடைகளில் மெழுகுப்புழு குடியேறும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகு, எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களுக்கு நீர்க் கிண்ணம், தேனீக்கள் அடர்ந்து மூடாத அடைகளை அப்புறப்படுத்துவது ஆகியவையே அந்த மாதங்களின் வேலை. புழுக்களை நீர் கோத்த பைகளாக்கிக் கொல்லும் வைரஸ் நோயையும் கவனிக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் குமரியிலும் கேரளத்திலும் பெட்டி பெட்டியாகக் காலி செய்த நோய் அது.

வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சில வாரங்கள்தான். ஆடியில் பாகு குடிக்கும் எதுவும் மாசித் தேனைக் காணப்போவதில்லை. அவை வளர்த்துவிடும் தலைமுறைகளின் வழித்தோன்றல்களே காணும். ஆகவே முதல் ஆண்டில் எத்தனை கிலோ என்று கணக்கிடுவதைவிட, ஆடி முடியும்போது பெட்டியில் கூட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி. இருந்தால், அடுத்த மார்கழியில் முட்டையிட ஒரு ராணி இருக்கிறாள் என்று பொருள்.