கண்டிப்பான பகுப்பான்

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்குச் செல்லும் தமிழன்பர்களுக்கு 0471 என்னும் எண் பழக்கமானதே. திருவனந்தபுரத்தின் தொலைபேசிக் குறியீடு அது. அதன் முன்னிற்கும் பூஜ்யத்தைப் பற்றியே இங்குச் சொல்லப் புகுகின்றோம்.

வணிகர் ஒருவர் தம் கடை விவரங்களைக் கணிப்பொறிக்கென எழுதுகிறார் என்று கொள்வோம். கணிப்பொறிகள் தமக்குள் செய்தி பரிமாறும் எழுத்து முறைகளுள் ஜேசன் ஒன்று, யாமல் மற்றொன்று. வந்த ஏட்டை எழுத்தெழுத்தாகப் படித்து, இது பெயர், இது எண் எனப் பிரித்தறியும் நிரலைப் பார்சர் என்பர். நாம் பகுப்பான் என்போம். மேற்கோள் குறியின்றி 0471 என்று எழுதுவது ஜேசன் விதிப்படி பிழை. கண்டிப்பான பகுப்பான் ஏட்டையே திருப்பி அனுப்பிவிடும். 2005ஆம் ஆண்டின் யாமல் 1.1 விதியைப் பின்பற்றும் பகுப்பானோ அதனை எட்டை அடியாகக் கொண்ட எண்ணெனக் கருதி, 313 என்று வாய்திறவாமல் குறித்துக்கொள்ளும். தில்லியிலிருந்து அழைக்கும் உறவினருக்குக் கடை கிடைக்காது, காரணமும் விளங்காது. 2009இல் வந்த 1.2 விதி இவ்வழக்கத்தைக் கைவிட்டது. ஆயினும் பழைய விதிவழி நடக்கும் நிரல்கள் இன்றும் உள.

அனுப்புவதில் கண்டிப்பும் ஏற்பதில் தாராளமும் வேண்டுமென 1980இல் ஜான் போஸ்டல் வகுத்தார். இணையம் விரைந்து பரவ அத்தாராளம் உதவியது உண்மையே. ஆனால் இரு பகுப்பான்கள் இருவேறு விதமாகத் தாராளம் காட்டினால் என்னாகும்? 2017இல் கவுச்டிபி என்னும் தரவுத்தளத்தில் அது வெளிப்பட்டது. ஒரே புலத்தை ஒருவர் இருமுறை எழுதி அனுப்பினால், அங்கிருந்த பகுப்பான்களுள் ஒன்று முதலாவதையும் மற்றொன்று இறுதியானதையும் கொண்டது. சோதித்தது ஒன்றை, நம்பியது மற்றொன்றை! சாதாரணப் பயனர் நிர்வாகியின் அதிகாரத்தையே பெற வழி திறந்தது.

எனவே எம் கட்சி கண்டிப்பின் பக்கமே. எனினும் வெறுமனே ‘பிழை’ என்று மறுப்பது, காரணம் எழுதாமல் மனுவைத் திருப்பும் அலுவலகத்தை ஒக்கும். பைத்தான் மொழியோடு வரும் ஜேசன் பகுப்பான் 0471ஐ மறுக்கையில் வரியையும் இடத்தையும் சுட்டுகிறது; நன்று. காரணமாகக் கூறுவதோ, காற்புள்ளியைக் காணோம் என்பது! பூஜ்யத்தையே முழு எண்ணாகப் படித்து முடித்தமையால், அடுத்து நிற்கும் 4ஐக் கண்டு அது திகைக்கிறது. ஆதலின் பகுப்பான் சுட்டும் இடத்தை நம்பலாம்; சொல்லும் காரணத்தைச் சற்று ஆராய்ந்தே கொள்ள வேண்டும்.

நம் வணிகர் செய்யவேண்டுவது சிறிதே. 0471ஐ இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டால், இரு முறைகளிலும் அது எண்ணாக அன்றி எழுத்துக்கோவையாகவே கொள்ளப்படும், பூஜ்யமும் நிலைக்கும்.